சாமியே கூலி வாங்கிக்கிட்டுதான் மண் சுமந்தார்

 சிவாய நம.

இது கொஞ்சம் நீளமான பதிவு. சனிக்கிழமை டியூஷன் முடிஞ்சு பிள்ளைங்க வீட்டுக்குப் போன பிறகு, அன்னதானக் கூடத்துல பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டு, நாங்க ஏழெட்டு பேர் உட்கார்ந்து பேசினதை எழுதுறோம். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. பிடிக்கலைன்னா கீழே திட்டுங்க, பரவாயில்லை. ஆனா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

போன மாசம் ஒரு அம்மா சமையல்கட்டுக்கே வந்துட்டாங்க. நம்ம கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம வர்றவங்கதான். அன்னிக்கு சாமி கும்பிடக்கூட இல்லை. நேரா வந்து, சாம்பாருக்குக் காய் வெட்டிக்கிட்டு இருந்த அக்காகிட்ட கேட்டாங்க: "என்னக்கா, எம்பொண்ணுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க? வேலையை விடப்போறேங்கிறா. கோயில் டியூஷனையே முழுநேரமா பார்க்கப் போறாளாம். நாங்க பால்மரம் வெட்டி, அவங்கப்பா லோரி ஓட்டிப் படிக்க வெச்சது இதுக்கா?"

யாருக்கும் பதில் வரலை. அக்கா கத்தியைக் கீழே வெச்சுட்டாங்க.

அந்தப் பொண்ணை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். பேர் வேண்டாம். கோலாலம்பூர்ல பெரிய கம்பெனியில ஒன்பது வருஷமா வேலை. மாசம் 7,500 வெள்ளி சம்பளம். வீட்டுக்கடன் இருக்கு, காடிக்கடன் இருக்கு, பிடிபிடிஎன் கொஞ்சம் பாக்கி இருக்கு. மூணு வருஷமா சனிக்கிழமை ஆனா டியூஷனுக்கு வந்துடுவா. கணக்கு சொல்லிக் கொடுப்பா. எந்தப் பிள்ளை ரெண்டு வாரமா வரலைன்னு அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளையோட ஃபிளேட் வரைக்கும் போய் மாடி ஏறிக் கதவைத் தட்டுறதும் அவதான்.

அந்த அம்மாவோட கோபம் நியாயமா? எங்களுக்கு நியாயமாத்தான் படுது. ஏன்னா இதே தப்பை நாம ஒரு தடவை செஞ்சிருக்கோம்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தம்பி இப்படித்தான் வேலையை விட்டுட்டு வந்தான். நாம எல்லாரும் கைதட்டினோம். தைப்பூசத்தன்னிக்கு மாலை போட்டு, சால்வை போத்தி, மைக்குல பேர் சொன்னோம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா"ன்னு அவன் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சின பாட்டிங்க உண்டு. அப்புறம் என்ன நடந்துச்சு? பெட்ரோலுக்கும் டோலுக்கும்னு மாசம் 600 வெள்ளி கொடுத்தோம். அதுக்கு டியூஷன், அன்னதானக் கணக்கு, கோயில் ஃபேஸ்புக் பக்கம், ஆடி மாசம் கூழ் ஊத்துற ஏற்பாடு, ராத்திரி லைட் அணைச்சுக் கதவு பூட்டுறது வரைக்கும் அவன் தலையில கட்டினோம். "நீதான் வீட்டுல சும்மா இருக்கியே தம்பி"ன்னு ஒருத்தர் சொன்னார். அந்த வார்த்தையை அவன் எங்ககிட்ட அழுதுக்கிட்டே சொன்னான். பதினாலு மாசத்துல சேமிப்பு காலி. திரும்பவும் வேலைக்குப் போயிட்டான். இப்ப கோயில் பக்கமே வர்றதில்லை.

அவன் தோத்துட்டான்னு சில பேர் சொன்னாங்க. தோத்தது நாமதான். ஒரு நல்ல பிள்ளையோட சேமிப்பைத் தின்னுட்டு, அதுக்கு சேவைன்னு பேர் வெச்சோம்.

அதனால இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு இருக்க எங்களால முடியலை.

முதல்ல நமக்குத் தெரிஞ்ச கதையிலிருந்தே ஆரம்பிக்கிறோம். ஆவணி மூலம் வரப்போகுது.

பெரிய உத்தியோகத்தை விட்டுட்டு வந்தவங்கன்னா நம்ம சமயத்துல முதல்ல ஞாபகத்துக்கு வர்றவர் மாணிக்கவாசகர். பாண்டிய மன்னனோட அமைச்சர். இன்னிக்குக் கணக்குல பார்த்தா ஒரு பெரிய கம்பெனியோட சிஇஓவுக்கு அடுத்த நாற்காலி. குதிரை வாங்கிட்டு வான்னு ராஜா கஜானாவிலிருந்து பொன் கொடுத்து அனுப்புறார். திருப்பெருந்துறையில, இப்ப புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கிற ஆவுடையார்கோயில்ல, குருந்தமரத்தடியில குருவைப் பார்க்கிறார். அவ்வளவுதான். குதிரை வாங்க வெச்சிருந்த பொன்னெல்லாம் கோயில் திருப்பணிக்குப் போயிடுது.

நாம இதைப் பக்தியோட சொல்றோம், கேட்கிறோம், கண்ணுல தண்ணி விடுறோம். ஆனா கதையோட அடுத்த பாதியை வேகமா தாண்டிடுறோம். ராஜா கணக்குக் கேட்டார். குதிரை எங்கேன்னார். நரி பரியாச்சு, ராத்திரியில பரி திரும்ப நரியாச்சு. அமைச்சரா இருந்தவரை வெயில்ல நிறுத்தித் தண்டிச்சாங்க. வைகை பெருகி வந்துச்சு. அவரோட பக்திக்காக ஆண்டவனே இறங்கி வந்தார், உண்மைதான். ஆனா ஒவ்வொரு ராஜினாமாவுக்கும் நரியைப் பரியாக்கிக் கொடுக்க ஆண்டவன் வருவார்னு நாம திட்டம் போட முடியுமா? வீட்டுக்கடன் கட்டவேண்டிய தேதியில பேங்க்காரன் கூப்பிடுவான். அவன்கிட்ட திருவிளையாடல் சொல்ல முடியாது.

இன்னும் முக்கியமான இடம் அதுக்கு அப்புறம்தான் வருது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு உத்தரவு. புட்டு வித்துப் பிழைக்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சாமியே கூலியாளா வந்து நிக்கிறார். வந்து என்ன கேட்டார்? "சும்மா செய்றேன் பாட்டி, இது சேவை"ன்னு சொன்னாரா? இல்லை. கூலியா உதிர்ந்த புட்டு பேசி, அதைச் சாப்பிட்டுட்டுத்தான் மண் சுமக்கப் போனார். வேலையை ஒழுங்கா செய்யலைன்னு பிரம்படியும் வாங்கினார்.

இந்தக் கதையில ரெண்டு நியாயம் இருக்கிறதா எங்களுக்குத் தோணுது. வேலை செய்றவனுக்குக் கூலி உண்டு. கூலி வாங்கினவன் பதில் சொல்லியாகணும். சாமிக்கே இந்த ரெண்டும் பொருந்துதுன்னா, நம்ம டியூஷன் டீச்சருக்குப் பொருந்தாதா?

"சேவைக்குச் சம்பளமா? அப்ப அது எப்படி சேவை?"ன்னு போன கூட்டத்துல ஒரு பெரியவர் கேட்டார். நல்ல மனுஷன், முப்பது வருஷமா கோயிலுக்கு உழைச்சவர். அவர்மேல எங்களுக்கு மரியாதை குறையலை. ஆனா ஐயா, ஒண்ணு கேட்கிறோம். குருக்களுக்கு தட்சணை கொடுக்கிறோம். நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் பணம் கொடுக்கிறோம். கும்பாபிஷேகத்துக்கு ஸ்தபதி வந்தா ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிறோம். அதனால அதெல்லாம் இறைப்பணி இல்லைன்னு ஆயிடுச்சா? கோபுரத்துல சிற்பம் செதுக்குறவருக்குக் கூலி கொடுக்கலாம், நம்ம பிள்ளைங்களைச் செதுக்குறவங்களுக்குக் கூடாதுன்னு எந்த ஆகமத்துல இருக்கு?

நம்ம பூச்சோங்குல இருக்கிறவங்களுக்கு வேற எங்கேயும் உதாரணம் தேட வேண்டியதில்லை. பழைய பூச்சோங் ரோட்டுல, ஆறாவது மைல்ல சுத்த சமாஜம் இருக்கு. சுவாமி சத்தியானந்தா 1950 வாக்குல ஆரம்பிச்சது. போருக்குப் பிறகு ஆதரவில்லாம நின்ன பிள்ளைங்களுக்கு நிழல் கொடுத்த இடம். சின்ன வயசுலேயே அவரோட சேர்ந்து அந்தப் பணிக்கு வந்தவங்க மதர் மங்களம். 1961-ல சுவாமி மறைஞ்ச பிறகு அந்த இல்லத்தை அவங்கதான் தாங்கினாங்க. 2010-ல மெர்டேக்கா விருது கொடுத்தாங்க. 2023-ல அமரராகும் வரைக்கும் அவங்க பேர் வேற, அந்த இல்லம் வேறன்னு இல்லாம வாழ்ந்தாங்க.

அவங்களை மாதிரி வாழ்க்கை முழுசையும் கொடுக்கிறவங்க கோடியில ஒருத்தர். கையெடுத்துக் கும்பிடுறோம். ஆனா அந்த ஒரு தாயைக் காட்டி, "பாரு, அவங்க இப்படி இருந்தாங்களே, நீ ஏன் சம்பளம் கேட்கிற?"ன்னு ஒரு சாதாரணப் பொண்ணுகிட்ட கேட்கிறது நியாயமில்லை. துறவு அவங்க அவங்க எடுக்கிற முடிவு. நாம அடுத்தவங்களுக்கு அதை விதிக்க முடியாது. அதுலயும் நாம ஏர்கான் காடியில வந்து இறங்கி விதிக்கிறது ரொம்பத் தப்பு.

இன்னொரு வழியும் இருக்கு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சார். முடக்குவாதத்துல விரல் கோணிப்போன கையால கண் ஆபரேஷன் செஞ்ச மனுஷன். அவர்கிட்ட பக்திக்கும் தியாகத்துக்கும் குறைச்சல் இல்லை. ஆனா அது மட்டும் போதாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கல்கத்தா ஐஐஎம்ல எம்பிஏ படிச்ச ஆர்.டி. துளசிராஜ், 1980களின் ஆரம்பத்துல அங்க நிர்வாகத்துக்கு வந்தார். பொது சுகாதாரம் படிக்க அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் போயிட்டு வந்தார். பணம் கட்ட முடிஞ்சவங்க கட்டுறாங்க, முடியாதவங்களுக்கு இலவசம், ஆனா வைத்தியம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்னு ஒரு ஏற்பாடு. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல வாங்கினா கட்டுபடியாகலைன்னு 1992-ல தாங்களே ஆரோலேப் ஆரம்பிச்சு செஞ்சாங்க. அங்க டாக்டரும் நர்ஸும் முழுநேரம் சம்பளத்துக்குத்தான் வேலை செய்றாங்க. அதனால யாராவது அதை வியாபாரம்னு சொல்றாங்களா?

நம்ம நாட்டுலயே பாருங்க. ஸ்ரீ முருகன் நிலையத்தோட பத்துமலை கல்வி யாத்திரைக்கு உங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பீங்க. 1982-ல அதை ஆரம்பிச்ச டாக்டர் தம்பிராஜா, மலாயாப் பல்கலைக்கழகத்துல வரலாறு சொல்லிக் கொடுத்தவர். கலும்பாங்குல படிப்பை விட்ட பிள்ளைங்களுக்குத் தொழில் கத்துக்கொடுக்கிற மைஸ்கில்ஸ் அறவாரியம் 2011-ல ஆரம்பிச்சது. அதுக்குப் பின்னால இருக்கிற பசுபதி சிதம்பரம் ஒரு வழக்கறிஞர். படிச்ச படிப்பையும் பார்த்த வேலையையும் தூக்கிப் போட்டுட்டு இவங்க வரலை. அதைக் கையோட கொண்டு வந்தாங்க.

சென்னையில அருண் கிருஷ்ணமூர்த்தி கூகுள்ல வேலை பார்த்தவர். ஏரி, குளம் சுத்தம் செய்றதை வேலையில இருக்கும்போதே ஆரம்பிச்சுட்டார். ராஜினாமா அப்புறம்தான். 2012-ல கீழ்க்கட்டளை ஏரிப் பணிக்காக ரோலெக்ஸ் விருது வாங்கினார். இந்த வரிசைதான் எங்களுக்கு முக்கியமாப் படுது. முதல்ல வேலை பழகணும், கூட்டம் சேரணும், அப்புறம்தான் ராஜினாமா லெட்டர்.

இப்ப நேரடியா விஷயத்துக்கு வர்றோம். அந்தத் தங்கச்சிக்கும், அவளை மாதிரி யோசிச்சுக்கிட்டு இருக்கிற மத்தவங்களுக்கும் நாங்க சொல்றது இது. வெளியில சொல்லாம மனசுக்குள்ள இப்படி நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். எல்டிபியில டோலுக்கு முன்னாடி நகராம நிக்கும்போது, "இதுக்கா பொறந்தோம்?"னு எல்லாருக்கும் ஒரு நாள் தோணும்.

அந்தக் கேள்விக்கு ரெண்டு மூலம் இருக்கலாம். ஒண்ணு, இந்தப் பணி உங்களைக் கூப்பிடுது. இன்னொண்ணு, உங்க பாஸ் உங்களை விரட்டுறார். ரெண்டும் வெளியில பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பாஸ் தொல்லைதான் காரணம்னா வேற கம்பெனி பாருங்க, கோயில் பாவம். எங்ககிட்டயும் தலைவர் இருக்கார், கூட்டம் இருக்கு, கோபம் இருக்கு, யார் பேர் நோட்டீஸ்ல முதல்ல வரணும்னு சண்டை இருக்கு. ஆபிஸ் பாலிடிக்ஸுக்குப் பயந்து கோயிலுக்கு வந்தவங்க, ஒரே ஒரு ஏஜிஎம் பார்த்துட்டு ஆபிஸே தேவலைன்னு ஓடியிருக்காங்க.

அதனால முதல்ல ஆறு மாசம், வேலையில இருந்துக்கிட்டே, யாரும் பார்க்காத வேலையை எடுத்துச் செய்ங்க. அன்னதானத்துல கரண்டி பிடிச்சா நாலு பேர் கும்பிடுவாங்க. ரசீதை அடுக்கி வைக்கிறது, சங்கப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டிய கணக்கைத் தயார் பண்றது, பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டு ஹெட்மாஸ்டர் கிடைக்காம திரும்பத் திரும்பப் போடுறது, இதைச் செஞ்சா யாரும் கும்பிட மாட்டாங்க. முழுநேர வேலையில பெரும்பகுதி இதுதான். இது உங்களுக்குச் சலிக்கலைன்னா நீங்க வரலாம்.

அடுத்தது பணம். இதைப் பேச வெட்கப்படாதீங்க. ஒரு வருஷச் செலவு ரொக்கமா கையில இருக்கணும். காடிக்கடனை முடிங்க, இல்லைன்னா சின்னக் காடிக்கு மாறுங்க. வேலையை விட்ட அன்னிக்கே கம்பெனி மெடிக்கல் கார்டும் போயிடும். அதனால வேலையில இருக்கும்போதே, உடம்பு நல்லா இருக்கும்போதே, சொந்தமா ஒண்ணு எடுத்து வையுங்க. இபிஎஃப்ல 2024 மே மாசத்திலிருந்து மூணு கணக்கு இருக்கு. அதுல நெகிழ்வுக் கணக்குன்னு இருக்கிற 10 விழுக்காட்டை எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். எடுக்கலாம்கிறதுக்காக எடுக்காதீங்க.  முதலாளி இல்லாம சுயமா இருக்கப் போறீங்கன்னா, ஐ-சாரான் திட்டத்துல நீங்களே இபிஎஃப் கட்டலாம், அரசாங்கமும் ஒரு பங்கு சேர்த்துப் போடுது. போய் விசாரிங்க. வயசான காலத்துல கோயில் வாசல்ல உட்கார்ந்து நாம போடுற அன்னதானத்துக்கே கை நீட்டுற நிலைமை சேவை செஞ்சவங்களுக்கு வரக்கூடாது.

மூணாவது, அம்மா அப்பாவை உட்கார வெச்சுப் பேசுங்க. தோட்டத்துல லயத்து வீட்டுல பிறந்து, தோட்டம் போய் டாமான் வந்ததும் அங்கிருந்து ஃபிளேட்டுக்குத் தூக்கிப் போடப்பட்ட தலைமுறை அது. மாசச் சம்பளம்கிறது அவங்களுக்கு வெறும் காசு இல்லை. இனிமே யாரும் நம்மைத் துரத்த முடியாதுங்கிற நிம்மதி. "உங்களுக்குப் புரியாதும்மா"ன்னு சொல்லிடாதீங்க. அவங்களுக்குத்தான் நல்லாப் புரியும். எழுதிக் காட்டுங்க: இவ்வளவு சேமிப்பு இருக்கு, இவ்வளவு சம்பளம் வரும், வீட்டுக்கு இவ்வளவு கொடுப்பேன், ரெண்டு வருஷம் பார்ப்பேன், சரிவரலைன்னா திரும்ப வேலைக்குப் போவேன். திரும்பிப் போறது அவமானம் இல்லை. அதை முன்னாடியே சொல்லிட்டா அம்மாவுக்கும் தூக்கம் வரும்.

நாலாவது, வந்த முதல் நாளே எங்களைத் திருத்த ஆரம்பிச்சுடாதீங்க. முன்னே ஒருத்தர் வந்தார். சமையல்கட்டுக்கு வர்ற அம்மாமாருங்க எல்லாரும் ஃபோன்ல ஒரு ஃபாரம் நிரப்பி, எத்தனை மணிக்கு வர்றோம்னு பதியணும்னார். அடுத்த வாரம் பாதிப் பேர் வரலை. அவங்க மணி பார்த்து வர்றவங்க இல்லை, மனசு பார்த்து வர்றவங்க. ஆனா அதே மனுஷர்தான் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு ஒரு இருப்புப் புத்தகம் போட்டுக் கொடுத்தார். அதுக்கப்புறம் மூட்டை மூட்டையா அரிசியில வண்டு விழுந்து கொட்டுறது நின்னுச்சு. ஆபிஸ்ல கத்துக்கிட்டதுல எது இங்க செல்லும், எது செல்லாதுன்னு தெரிஞ்சுக்க ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வெங்காயம் உரிச்சுக்கிட்டே காது கொடுத்துக் கேளுங்க.

இனி பக்தர்களுக்கு. அதாவது நமக்கு.

நாங்க ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். டியூஷனையும் பிள்ளைங்க நலனையும் பார்க்க ஒரே ஒரு முழுநேர ஆள். சம்பளம் மாசம் 4,000 வெள்ளி. அவங்க இப்ப வாங்குறதுல பாதியை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 5,000 வரைக்கும் சம்பளத்துக்கு முதலாளி பங்கு இபிஎஃப் 13 விழுக்காடு, அது 520. சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் சேர்த்தா மாசத்துக்கு சுமார் 4,600 ஆகுது. கோயிலா இருந்தாலும், சங்கமா இருந்தாலும், ஆள் வெச்சா இதெல்லாம் கட்டித்தான் ஆகணும். "கையில கொடுத்துடலாம்"கிற பேச்சே வேண்டாம்.

200 குடும்பம் மாசம் 25 வெள்ளி கொடுத்தா 5,000. ரெண்டு பேர் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனா வர்ற பில் அது. மிச்சம் 400-ல புத்தகம், ஃபோட்டோகாப்பி பார்த்துக்கலாம்.

"கம்பெனிங்ககிட்ட கேட்கலாமே"ன்னு சில பேர் சொல்றாங்க. கேட்டுப் பார்த்தோம். அவங்க முதல்ல கேட்கிற கேள்வி, "44(6) இருக்கா?" வருமான வரிச் சட்டத்துல அந்தப் பிரிவுல அங்கீகாரம் வாங்கின அமைப்புக்குக் கொடுத்தாத்தான் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கும். நம்மகிட்ட இல்லை. அதுக்கு விண்ணப்பிக்க ஒழுங்கான கணக்கு வேணும், அறிக்கை வேணும், பின்னாலேயே அலையுற ஆள் வேணும். அந்த ஆள்தான் நம்மகிட்ட இல்லை. ஆள் இல்லாததால பணம் வரலை, பணம் இல்லாததால ஆள் இல்லை. இந்த வட்டத்தை எங்கேயாவது ஒரு இடத்துல வெட்டணும். நாம வெட்டலாம்னு நினைக்கிறோம்.

இதுக்கு எதிரா வர்ற பேச்சுல ஒண்ணை நாங்க ஒதுக்கித் தள்ள மாட்டோம். "சம்பளம்னு ஆரம்பிச்சா நாளைக்கு இவங்க மச்சான், அவங்க தங்கச்சின்னு உள்ளே வந்துடுவாங்க. அப்புறம் கோயில் காசு என்னாகும்?" இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. கோயில் காசு சாமி காசு. உண்டியல்ல ஒரு வெள்ளி போடுற பாட்டி, மருந்து வாங்குற காசுல அதை எடுத்துப் போடுறா. அதனால எங்க யோசனை இதுதான். உண்டியல் பணத்தை இதுக்குத் தொட வேண்டாம். பேங்குல தனிக் கணக்கு. நிர்வாகக் குழுவுல இருக்கிறவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் இந்த வேலைக்கு வரக்கூடாது. வேலைக்கு விளம்பரம் போட்டு, மூணு பேர் உட்கார்ந்து நேர்காணல் செய்யணும். அந்தத் தங்கச்சியும் எல்லாரையும் மாதிரி விண்ணப்பிக்கட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, எத்தனை பிள்ளைங்க வந்தாங்க, எத்தனை பேர் நின்னுட்டாங்க, ஏன் நின்னாங்க, எவ்வளவு செலவு, எல்லாம் கோயில் பலகையில ஒட்டணும். கூலி உண்டுன்னா பிரம்பும் உண்டு. வந்தி கதையில பார்த்தோமே.

"நாங்களும்தானே சும்மா செய்றோம், எங்களுக்கு யார் சம்பளம் கொடுத்தா?"ன்னு கேட்கிற அண்ணன், அக்காமாருக்கு ஒரு வார்த்தை. நீங்க செய்றது குறைஞ்சதுன்னு நாங்க சொல்லவே இல்லை. எங்கள்ல யாருக்கும் சம்பளம் கிடையாது, வேணவும் வேணாம். எங்களுக்கெல்லாம் வேற பிழைப்பு இருக்கு. அப்பர் சுவாமிகள் கையில உழவாரம் எடுத்த மாதிரி, நாமளும் கையில கிடைச்சதை எடுத்துச் செய்றோம். வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள். ஆனா செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போகாம கடைத்தெருவுல சுத்துற பையனைப் போய்ப் பார்க்க நம்மள்ல யாரால முடியும்? அந்த நேரத்துல நாம எல்லாரும் வேலையில இருப்போம். பிரச்சினை நம்ம லீவு நாள் பார்த்து வர்றதில்லை.

நம்ம கோயில்கள்ல ராஜகோபுரத்துக்கு லட்சக்கணக்குல பணம் சேருது. சேரட்டும், சந்தோஷம். அந்தக் கோபுரத்து நிழல்ல உட்கார்ந்து ஒன்றாம் படிவத்துப் பையன் ஒருத்தன் மூணாம் ஆண்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அவனுக்குப் பக்கத்துல உட்கார ஒரு ஆளுக்கு மாசம் 4,600 கொடுக்க நமக்கு மனசு வருமா? அடுத்த மாசம் பொதுக்கூட்டத்துல நாங்க கேட்கப் போற கேள்வி இதுதான். தீர்மானம் எழுதிச் செயலாளர்கிட்ட கொடுத்துட்டோம். உறுப்பினரா இருக்கிறவங்க தயவுசெஞ்சு வாங்க. ஆதரவோ எதிர்ப்போ, நேர்ல வந்து சொல்லுங்க. வாட்ஸ்அப்புல சண்டை போட்டா கோரம் சேராது.

அந்த அம்மாவுக்கு நாங்க அன்னிக்குப் பதில் சொல்லலை. பிறகு ரெண்டு பேர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி கொடுத்தாங்க. "உங்க பொண்ணை வேலையை விடச் சொல்லி நாங்க சொல்லலம்மா. கோயில் ஒழுங்கா ஒரு வேலை போட்டு, லெட்டர் கொடுத்து, இபிஎஃப் கட்டுற வரைக்கும் விட வேண்டாம்னுதான் சொல்லியிருக்கோம்"னு சொன்னோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டாங்க: "அப்படி கோயில் போட்டுச்சுன்னா?"

"அப்ப நீங்களே முடிவு பண்ணுங்கம்மா"ன்னோம்.

"டியூஷன்ல எங்க பக்கத்து வீட்டுப் பையனும் படிக்கிறான். முன்னாடி எல்லாம் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கீழேயே கிடப்பான்," அப்படின்னாங்க. வேற எதுவும் சொல்லலை. போகும்போது வீட்டுல காய்ச்ச ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, சாமிக்கு வெச்சுடுங்கன்னாங்க. வெச்சாச்சு.

முடிவு நம்ம கையில இருக்கு. வாங்க, பேசுவோம்.

என்றும் உங்கள் அன்னதான, டியூஷன் குழு.
சிவாய நம.